கல்விக் கடனா? வாய்ப்பூட்டா?

திருத்தணி மலையில் 365 படி ஏறி, "மகன் பாஸாக வேண்டும்" என்று முருகனிடம் மன்றாடும் தாய் தந்தையரை நாம் ஒன்று கேட்கின்றோம்: மகனின் கல்விக் கடனுக்குள்ள நிபந்தனையைப் படித்தீர்களா?

வருஷ வருமானம் 4½ லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, படிக்கும் காலத்து வட்டியை இந்திய சர்க்காரே கட்டும் திட்டம் 2009-ல் வந்தது. நல்லதுதான். ஆனால், ஒழுங்கு நடவடிக்கையால் காலேஜிலிருந்து நீக்கப்பட்டவனுக்கு அவ்வுதவி கிடையாதாம்.

ஒழுங்கீனம் என்று தீர்ப்புச் சொல்வது யார்? எந்த நிர்வாகத்தை எதிர்த்து மாணவன் கிளர்ச்சி செய்கிறானோ, அதே நிர்வாகந்தான்! பணக்காரன் மகனை நீக்கினால் வேறு காலேஜில் பணங்கட்டிச் சேருவான். அவனுக்குக் கடனுமில்லை, வட்டியுமில்லை. ஏழை மகனுக்கோ படிப்பும் போய், வட்டியும் தலையில் விழும். குற்றம் ஒன்று; தண்டனை ஆளுக்கொன்று. இது மனுதர்மமல்லாமல் வேறென்ன?

ஐதராபாத் பல்கலைக்கழக விடுதியிலிருந்து நீக்கப்பட்ட தலித் மாணவர் ரோகித் வெமுலா, 2016 ஜனவரியில் உயிர் விடுமுன் எழுதிய கடிதத்தில், ஏழு மாத உதவித்தொகை பாக்கியென்று குறித்திருந்தார். பணத்தை நிறுத்துவது ஏழைக்கு எத்தகைய தண்டனை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தோழர்களே! 1953-ல் ஆந்திரத்தோடு போன திருத்தணி, 1960 ஏப்ரல் 1-ந் தேதி நம்மோடு சேர்ந்தது முருகன் அருளாலா? கிளர்ச்சியாலல்லவா? அதில் முன்னின்ற ம.பொ.சி. நமக்கு மாறுபட்டவரே, ஆயினும் உண்மை உண்மைதான். அவ்வூர்ப் பிள்ளை வட்டிக்கு அஞ்சி வாய் மூடியிருப்பதா?

கல்லெறிந்தவனை விசாரிக்கக் கோர்ட்டு இருக்கிறது. வட்டி உதவியிலுள்ள இந்த நிபந்தனையைச் சர்க்கார் உடனே எடுத்துவிட வேண்டும்.