டான் கார்னீலியஸ்: ரயிலின் சொந்தக்காரர்

‘சோல் டிரெயின்’ தொகுப்பாளர் டான் கார்னீலியஸ் 2012 பிப்ரவரி 1 அன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டபோது அவருக்கு வயது 75. அவரைப் பற்றி நான் வாசித்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை மூன்றையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன: கனத்த குரல், பெரிய ஆஃப்ரோ முடி, பளபளக்கும் கோட்டு. அவ்வளவுதானா அந்த மனிதர்?

இதைவிட மோசமான பட்டம் ஒன்று உண்டு: ‘கறுப்பர்களின் டிக் கிளார்க்’. கிளார்க்கின் ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ 1957 முதல் ஏபிசி வழியாக நாடு முழுக்க ஒளிபரப்பானது. அதன் பிலடெல்பியா அரங்குக்குள் கறுப்பின இளைஞர்கள் நுழையவிடாமல் தடுக்கப்பட்டதை வரலாற்றாய்வாளர் மேத்யூ டெல்மாண்ட் ஆதாரங்களோடு எழுதியிருக்கிறார். பாட்டு வேண்டும், பாடியவரின் பிள்ளைகள் ஆட வரக்கூடாது. பறையடிக்கக் கூப்பிட்டுவிட்டுப் பந்தியில் உட்காரவிடாத சமூகத்தில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கார்னீலியஸ் காப்பீடு விற்றவர், சில காலம் போலீஸ்காரர், பிறகு சிகாகோவின் டபிள்யூவிஓஎன் வானொலிக்காரர். 1970 ஆகஸ்டில் உள்ளூர் அலைவரிசை ஒன்றில் ‘சோல் டிரெயின்’ தொடங்கினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அது பிற நகரங்களுக்கும் போனது. விளம்பரம் தந்து தாங்கிப்பிடித்தது, கறுப்பர்களுக்குச் சொந்தமான ஜான்சன் புராடக்ட்ஸ் நிறுவனம். பாடியவர், ஆடியவர், விளம்பரத்தில் தலைசீவியவர் பெரும்பாலும் கறுப்பர்கள், நிகழ்ச்சியின் முதலாளியும் கறுப்பர். 2006 வரை அந்த ரயில் ஓடியது. அஞ்சலிகள் கோட்டின் நிறத்தை நினைவில் வைத்திருக்கின்றன, இந்த உரிமையை மறந்துவிடுகின்றன.

1973இல் கிளார்க் ‘சோல் அன்லிமிடெட்’ என்று போட்டிக்கு ஒரு நிகழ்ச்சியைக் கொண்டுவந்தார். கார்னீலியஸும் ஜெஸ்ஸி ஜாக்சனும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஏபிசி பின்வாங்கியது. முகம் மட்டும் கறுப்பாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தால் இந்தச் சண்டையே நடந்திருக்காது.

அவரைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்திய நடனக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது, வறுத்த கோழியும் குளிர்பானமும்தான். மனைவியைத் தாக்கிய வழக்கில் 2009இல் நீதிமன்றம் அவரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. இதையும் சேர்த்துச் சொல்லாத அஞ்சலி பொய்யானது. உரிமை ஒருவர் கைக்கு வந்துவிட்டாலே உழைத்தவருக்குக் கூலியும் வீட்டுக்குள் சமத்துவமும் தானாக வந்துவிடாது. இது நம் இயக்கங்களுக்கும் பொருந்தும்.

‘சாதி ஒழிப்புப் பேசும் இடத்தில் அமெரிக்க டிவிக்காரருக்கு என்ன வேலை?’ என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று. அண்ணல் அம்பேத்கர் 1946இல் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் போராட்டத்திலிருந்து நாம் கற்பது இன்று தொடங்கிய பழக்கமில்லை.

இன்று நம் கலை மேடையேறும்போது கைதட்டுகிறோம், பகிர்கிறோம். தட்டுங்கள், பகிருங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: மேடை யாருடையது? காசு யாருக்குப் போகிறது? ஆடியவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? கார்னீலியஸ் முதல் கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னார். மூன்றாவது கேள்வியில் தோற்றார். இரண்டையும் நினைவில் வைப்பதுதான் அவருக்கு நாம் செலுத்தும் நேர்மையான அஞ்சலி.