கடல்மீது வரைந்த கோடு

கூட்டாட்சி என்றதும் நிதிப் பகிர்வு, ஆளுநர் பதவி, மொழியுரிமை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆய்வுநூல்கள் நம்மை அவ்வாறு பழக்கியுள்ளன. இராமேசுவரத்து மீனவர் எதிர்கொள்ளும் கூட்டாட்சிச் சிக்கலோ கடலில் கிடக்கிறது.

அரசமைப்பின் ஏழாம் அட்டவணை மீன்வளத்தை மாநிலப் பட்டியலில் வைத்துள்ளது. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை நாட்டின் ஆட்சிக்கடல். அதற்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலைச் சார்ந்தது. பாக் விரிகுடா குறுகியது. அங்குச் சில இடங்களில் அந்த 12 மைல் நிறைவதற்குள்ளேயே பன்னாட்டு எல்லை வந்துவிடுகிறது. படகுகளை நெறிப்படுத்துவது தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம். எல்லையை வரைந்ததோ 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம். சேதுபதிகளின் ஜமீன் உரிமை கொண்டாடிய, 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு அக்கோட்டுக்கு அப்பால் சென்றது. 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்கள் ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிப்பதையும் தடுத்தன. மாநிலப் பட்டியலிலுள்ள ஒரு தொழிலின் எல்லையை மாநிலத்தின் இசைவின்றியே மாற்ற முடிந்தது.

இந்திய அரசமைப்பை 'அரைக் கூட்டாட்சி' என்றார் கே.சி. வியர். அச்சொல் தேர்வு வினாவாகவே நிலைத்துவிட்டது. தமிழ்நாடு அதோடு நிற்கவில்லை, 1969இல் பி.வி. இராஜமன்னார் தலைமையில் குழு அமைத்து, ஒன்றிய மாநில உறவுகளைத் தானே ஆராய்ந்தது. 1971இல் வெளிவந்த அவ்வறிக்கை, மாநிலங்களைப் பாதிக்கும் முடிவுகளை ஒன்றியம் மாநிலங்களுக்கு இடையேயான மன்றத்தில் கலந்தே எடுக்கவேண்டும் என்றது. ஆயினும் பாதுகாப்பு, அயலுறவு ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கலாம் என்றே அத்துணிவான அறிக்கையும் கருதியது! மூன்றே ஆண்டுகளில் அந்த விலக்கின் விலையைச் சேதுக்கரை கொடுத்தது. அயலுறவு கூட்டாட்சிக்குப் புறம்பானது என்னும் கருத்தை ஆய்வுலகம் மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்பதே என் துணிபு.

அவ்வழியில் முன்சென்றவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. சூரியநாராயண். கச்சத்தீவையும் பாக் விரிகுடா மீனவர் சிக்கலையும் இணைத்து அவர் எழுதிய நூல்களில் ஒப்பந்த வாசகங்களோடு மீனவர் வாழ்வும் ஆய்வுப்பொருளாகிறது. இங்கே உணர்ச்சி மட்டும் போதாது. நம் விசைப்படகுகளின் இழுவலை கடலடியைச் சிதைக்கிறது என முறையிடும் யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவரும் தமிழரே. போருக்குப்பின் கடலுக்குத் திரும்பிய அவர்களது பசியையும் கணக்கில் கொள்ளாத கூட்டாட்சி வாதம் பாதி வாதமே.

2014 ஜனவரியில் இருநாட்டு மீனவப் பிரதிநிதிகள் சென்னையில் நேருக்குநேர் அமர்ந்து பேசினர். அப்பேச்சை ஏழாம் அட்டவணையின் எந்தப் பட்டியலில் சேர்ப்பது?