பல் டாக்டர் படிப்பும் பல்லி சாஸ்திரமும்

சென்ற மாதம் திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தோழர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். அவருக்கு நாலு ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. மழை பெய்தால் பருத்தியும் மல்லியும் விளையும். பெய்யாவிட்டால் சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். அந்தப் பெண் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தவள். 2020-ம் வருஷத்தில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பிலும் பல் வைத்தியப் படிப்பிலும் நூற்றுக்கு ஏழரை இடம் என்று தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்களல்லவா? அந்த முதல் வருஷத்திலேயே இடம் பெற்று, நான்கு வருஷம் படித்து, ஒரு வருஷப் பயிற்சியும் முடித்து, பி.டி.எஸ். பட்டத்தோடு வீடு வந்திருக்கிறாள். இப்போது அமெரிக்கா சென்று பல் வைத்தியம் செய்ய வேண்டுமென்று ஆசைப்படுகிறாள்.

தகப்பனார் மடியிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்று ஜோசியர் எழுதிக் கொடுத்தது. இன்ன எழுத்தில் ஆரம்பிக்கும் பெயருள்ள கல்லூரி, அதிலும் மேற்குத் திசையில் இருப்பது, பெண்ணின் நட்சத்திரத்திற்கு உகந்தது என்று அதில் கண்டிருந்தது. மற்றொன்று ஒரு தரகர் கொடுத்தது. முன்பணம் கட்டினால் இடம் நிச்சயம் என்று அதில் கண்டிருந்தது.

“அண்ணாச்சி, இந்த ரெண்டுல எதை நம்புறது?” என்று கேட்டார்.

நாம் பெண்ணைப் பார்த்து, “நீ என்னம்மா சொல்கிறாய்?” என்றோம்.

“பெரியப்பா, இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் கேக்கலையே” என்றாள்.

இந்த ஒரு வார்த்தைதான் நம்மை இதை எழுதும்படி செய்தது. நாம் பல் வைத்தியக் கல்லூரி வாசலை மிதித்தவர்களல்ல. ஆனால் அந்தப் பெண் கொண்டு வந்த விவரங்களை நாலைந்து நாள் அவளோடு உட்கார்ந்து படித்துப் பார்த்தோம். அதில் நம் புத்திக்கு எட்டாதது ஒன்றுமில்லை. எட்டாது என்று நினைக்க வைத்தவர்களுக்குத்தான் அதில் லாபம் இருக்கிறது.

முதலில் ஜோசியர் சங்கதியைத் தீர்த்து விடுவோம். கடல் தாண்டினால் ஜாதி போய்விடும், பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று சொல்லி வந்தவர்கள் யார்? இதே சாஸ்திரக்காரர்கள்தான். இன்றைக்கு ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரில் உள்ள சாமிக்கு ‘விசா பாலாஜி’ என்றே பெயர். 11 சுற்றுச் சுற்றி வேண்டிக்கொள்ள வேண்டுமாம், விசா கிடைத்தால் திரும்ப வந்து 108 சுற்றுச் சுற்ற வேண்டுமாம்! கடல் தாண்டுவது பாவமாயிருந்தால் அதற்குச் சாமி எப்படிச் சிபாரிசு செய்கிறது? பாவமில்லையென்றால் நம் முன்னோரை ஏன் பயமுறுத்தி வைத்தார்கள்? ஐந்து வருஷம் பல்லைப் பற்றிப் படித்த பெண்ணுக்குப் பல்லி சொல்லும் பலனைக் கேட்டு வழி காட்டுவது, வைத்தியனைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் பூசாரியிடம் மருந்து கேட்பது போலாகும்.

இனி விஷயத்திற்கு வருவோம். “இங்கே டாக்டர் பட்டம் வாங்கியவளை அங்கே மறுபடியும் படிக்கச் சொல்வது அவமானமல்லவா?” என்று தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவன் நம்மை நிறுத்தி வைத்து, “நீ யாருக்குப் பிறந்தாய்?” என்று கேட்டால் அது அவமானம். “உனக்கு என்ன செய்யத் தெரியும், செய்து காட்டு” என்று கேட்டால் அதில் அவமானமில்லை. நம் வாயில் ஊசி போடுகிறவன் யாராயிருந்தாலும் அவனைப் பரீட்சை செய்துதான் விட வேண்டும். ஆனால் பரீட்சை செய்வதோடு நில்லாமல் கோடிக்கணக்கில் சம்பளப் பணம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவேன் என்பது வேறு சங்கதி. அது அறிவைப் பரீட்சிப்பதல்ல, அப்பன் சொத்தைப் பரீட்சிப்பதாகும். ஆகவே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காகவே முதல் கேள்வி, “எந்தக் கல்லூரி?” என்பதாக இருக்கக்கூடாது. “எந்த ஊரில் வாழப் போகிறாய்? அந்த ஊரில் தொழில் செய்ய லைசென்சுக்கு என்ன கேட்கிறார்கள்?” என்பதுதான் முதல் கேள்வி.

ஏனென்றால், தேசத்துக்குத் தேசம் வழி வேறு. இங்கிலாந்தில் வெளிநாட்டுப் பல் வைத்தியர்களுக்கு ஓ.ஆர்.இ. என்ற பரீட்சை இரண்டு பாகமாக நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் அந்நாட்டுப் பல் வைத்தியக் கவுன்சில் எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் வைக்கிறது. கானடாவிலும் அறிவையும் கைத்திறனையும் சோதித்துச் சமநிலை கொடுக்கும் பரீட்சை வழி உண்டு. இவற்றில் தேறினால் மறுபடியும் கல்லூரிப் பட்டம் வாங்க வேண்டியதில்லை. செலவும் காத்திருப்பும் இவற்றிலும் உண்டு, தோற்றுத் தோற்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆனாலும் நிலத்தை விற்குமுன் இப்படியொரு வழி இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வேண்டாமா? தரகர் காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதில் அவருக்குக் கமிஷன் இல்லை போலும்!

அமெரிக்காவில்தான் கதை வேறு. அங்கே லைசென்ஸ் கொடுப்பது மாகாண சர்க்கார்கள். பெரும்பாலான மாகாணங்கள், ‘கோடா’ என்று சுருக்கிச் சொல்லப்படும் பல் வைத்தியப் படிப்பு அங்கீகாரக் கமிஷன் ஒப்புக்கொண்ட கல்லூரியின் பட்டத்தையே கேட்கின்றன. அதற்காகவே நம் பி.டி.எஸ். போன்ற பட்டம் பெற்றவர்களை நடுவில் சேர்த்துக்கொண்டு, இரண்டு முதல் மூன்று வருஷத்தில் பட்டம் கொடுக்கும் படிப்பைப் பல கல்லூரிகள் நடத்துகின்றன. போஸ்டன் சர்வகலாசாலை, பென்சில்வேனியா சர்வகலாசாலை, சான்பிரான்சிஸ்கோவிலுள்ள பசிபிக் சர்வகலாசாலை முதலியவை இப்படிப்பட்டவை. சில மாகாணங்களில் மேற்பயிற்சி முடித்தாலே லைசென்ஸ் என்ற குறுக்கு வழியும் இருக்கிறது. ஆனால் அந்த லைசென்ஸ் அடுத்த மாகாணத்தில் செல்லாமற் போகலாம். பிழைப்புக்காக ஊர் மாற வேண்டியவர்கள் இதை யோசிக்க வேண்டும். ‘கோடா’ ஒப்புக்கொண்ட பட்டத்திற்குக் கானடாவிலும் மதிப்புண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிலர் டி.டி.எஸ். பட்டம் உயர்ந்ததா, டி.எம்.டி. பட்டம் உயர்ந்ததா என்று சண்டை போடுகிறார்கள். 1840-ல் பால்டிமோரில் ஆரம்பித்த கல்லூரி முதற் பெயரை வைத்தது. 1867-ல் ஆரம்பித்த ஹார்வர்டு பல் வைத்தியப் பள்ளி இரண்டாவது பெயரை வைத்தது. படிப்பும் ஒன்று, லைசென்சும் ஒன்று. இது வடகலை நாமம், தென்கலை நாமம் சண்டையே தவிர வேறில்லை. இதற்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தப் படிப்புக்கு மனுப் போடுகிறவர்களை அநேகமாக ஐ.என்.பி.டி.இ. என்ற பரீட்சையில் முதலிலேயே தேறியிருக்க வேண்டுமென்று கேட்கிறார்கள். இது 2020-ல் ஆரம்பித்த பரீட்சை. 500 கேள்விகள், இரண்டு நாள். அதோடு இங்கிலீஷ் பரீட்சை, நம் மார்க்குகளை அவர்கள் கணக்குப்படி மதிப்பிட்ட சான்று, ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் ஆகியவை வேண்டும். ‘கேபிட்’ என்ற ஒரே மனு நிலையத்தின் மூலம் பல கல்லூரிகளுக்கு நாமே மனு அனுப்பலாம். கல்லூரிக்காரர்கள் நேரில் கேள்வி கேட்கிறார்கள். பல கல்லூரிகள் பொம்மைத் தாடையிலுள்ள பல்லைக் குடையச் சொல்லிக் கைவேலையையும் பார்க்கின்றன. இதில் தரகர் எங்கே நுழைகிறார்? பல்லைக் குடைய அவர் கை வரப்போகிறதா? ஆகவே “இடம் நிச்சயம்” என்று சொல்லிப் பணம் கேட்கிறவர் மோட்சம் நிச்சயம் என்று சொல்லித் தட்சிணை கேட்கிறவருக்கு அண்ணனே தவிர வேறல்ல.

இனிப் பணம். அங்கே சம்பளப் பணம் மொத்தம் ஒரு லட்சம் டாலருக்குக் குறைவது அபூர்வம். பல கல்லூரிகளில் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. சாப்பாடு, வாடகை, கருவிகள், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. டாலருக்கு 80 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் இரண்டு லட்சம் டாலர் 1 கோடியே 60 லட்சம் ரூபாய். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் வருஷ வட்டி மட்டும் 16 லட்சம். திருச்சுழியில் நாலு ஏக்கர் கரிசலை விற்றால் வட்டிக்காவது போதுமா? மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அமெரிக்க சர்க்காரின் 2023 மே கணக்குப்படி அங்கே பல் வைத்தியரின் நடுத்தர வருமானம் வருஷத்திற்குச் சுமார் 1,70,000 டாலர். வேலை கிடைத்தால் கடன் தீரும். கிடைக்காவிட்டால்?

அந்த ‘கிடைத்தால்’ என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மாணவர் விசாவில் போகிறவர்களுக்குப் படித்து முடித்தபின் பொதுவாக ஒரு வருஷம் வேலை செய்ய அனுமதி உண்டு. அதன்பின் எச்1பி விசா வேண்டும். அதற்கு வருஷத்திற்கு 85,000 என்று வரம்பு கட்டி, மனுக்கள் மிஞ்சினால் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து இந்த விசாவில் புதிதாக ஆளை அழைப்பதற்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டுமென்று அந்நாட்டு ஜனாதிபதி திடீரென்று அறிவித்தார். ஒரு கையெழுத்தில் விதி மாறுகிற தேசத்தை நம்பிக் குடியிருக்கும் வீட்டையும் ஈடு வைப்பது தைரியமல்ல. கடன் வாங்கினாலும் இங்கே திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கை எழுதி வைத்துக்கொண்டு வாங்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கல்லூரியையும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: ‘கோடா’ அங்கீகாரம் இன்றைக்கும் இருக்கிறதா? அந்நிய நாட்டுப் பிரஜைகளைச் சேர்க்கிறார்களா? (சில கல்லூரிகள் சேர்ப்பதில்லை.) எத்தனை வருஷம்? கடைசி நாள் வரை மொத்தச் செலவு எவ்வளவு? இடத்தைப் பிடிக்கக் கட்டும் முன்பணம் திரும்பி வருமா? எத்தனை நோயாளிகளுக்குக் கையால் வைத்தியம் செய்யச் சந்தர்ப்பம் கிடைக்கும்? கடன் கொடுப்பவர்கள் அந்நாட்டுக்காரரின் ஜாமீன் கேட்கிறார்களா? கல்லூரியின் பெயர், புகழ், திசை இவையெல்லாம் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியவை.

தகப்பனார் கடைசியாக ஒன்று சொன்னார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் வந்திருக்கிறாராம். நூறு பவுன் போட்டால் கட்டிக்கொண்டு போய் அவரே படிக்க வைப்பாராம். தோழர்களே, இதுதான் மூன்றாவது காகிதம்! படிக்க வைப்பார் என்பதற்கு ஜாமீன் என்ன? விசா அவரைச் சார்ந்து, சாப்பாடு அவரைச் சார்ந்து, படிப்பும் அவர் மனசைச் சார்ந்து இருந்தால், அந்தப் பெண்ணின் பி.டி.எஸ். பட்டம் சுவரில் மாட்டும் படமாகவே போய்விடும். பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்வதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. கல்யாணத்தைக் கல்லூரிக்குக் கட்டும் சம்பளமாக ஆக்கக்கூடாது என்கிறோம். புரோகிதரில்லாத முதல் சுயமரியாதைக் கல்யாணம் 1928-ல் நடந்தது எங்கே? அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில்! அந்த மண்ணிலேயே இன்னும் பெண்ணுக்குப் பவுன் எடை போட்டுக்கொண்டிருப்பதா?

வேறு சிலர், “நம் ஜனங்கள் பல்லில் சொத்தையோடு கிடக்க இவள் ஏன் அமெரிக்கா போக வேண்டும்?” என்று கேட்கிறார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கப்பலேறிய காலமெல்லாம் இந்தக் கேள்வி எழவில்லை. கரிசல் காட்டுப் பெண் புறப்படும்போது மட்டும் தேசபக்தி பிறந்துவிடுகிறது! போவதும் இருப்பதும் அவள் இஷ்டம். ஆனால் ஒரு சரித்திரத்தைச் சொல்லி வைக்கிறோம். வங்காளத்து ரபியுத்தீன் அகமது என்பவர் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் படித்து 1915-ல் பல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1919-ல் திரும்பி வந்தார். 1920-ல் கல்கத்தாவில் ஒரு சோடாக்கடை வைத்து, அதன் வருமானத்தைக் கொண்டு இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியை ஆரம்பித்தார். அவர் எந்தக் கோவிலையும் 108 சுற்றுச் சுற்றவில்லை. படித்ததை நாலு பேருக்குப் படிப்பித்தார்.

அந்தப் பெண் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறாள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கானடா, அமெரிக்கா என்று நாலு பத்தி கிழித்து, ஒவ்வொன்றுக்கும் செலவு, காலம், பரீட்சை, விசா, தோற்றால் நஷ்டம் என்று எழுதி வருகிறாள். முடிவு இன்னும் செய்யவில்லை. மதுரையில் ஒரு பல் வைத்தியசாலையில் சேர்ந்து சம்பாதித்துக்கொண்டே பரீட்சைக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள். தகப்பனார் நிலத்தை விற்கும் பேச்சை நிறுத்தியிருக்கிறார். ஜோசியர் காகிதத்தையும் தரகர் காகிதத்தையும் நம்மிடமே விட்டுப் போய்விட்டார்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் படித்த படிப்பை நீங்கள் படிக்கவில்லை. நாமும் படிக்கவில்லை. அது குற்றமல்ல. ஆனால் படித்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காத பல்லியைக் கேட்பது குற்றம். அவளிடம் கேளுங்கள். அவள் கணக்கைக் காட்டட்டும். அது சரியா என்று நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிறகு முடிவை அவளிடமே விட்டுவிடுங்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பல் பார்க்கப் போகிறவளும் அவள்தான், கடனைக் கட்டப் போகிறவளும் அவள்தான்.