‘எப்போ?’ என்று கேட்கத் தெரியாத பெருமை

நம் இலக்கியக் கூட்டங்களில் “எனக்குக் கணக்கு வராதுங்க” என்று சொல்பவரின் முகத்தைப் பாருங்கள். வெட்கம் இருக்காது, லேசான பெருமைகூட இருக்கும். “எனக்கு வாசிக்க வராது” என்று அதே மேடையில் யாராவது சொல்வாங்களா? இதன் தம்பிதான் மாசத்துக்கு ஒருமுறை சுற்றும் அந்த மீம்: “ஸ்கூல்ல படிச்ச லாக் வாழ்க்கையில எங்கடா யூஸ் ஆச்சு?”

எங்கே என்று சொல்கிறேன். குற்றாலத்தில்.

அங்கே சீசன் என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட். சாரல் அடித்தால் சிப்ஸ் கடை, துண்டுக் கடை, எண்ணெய் மசாஜ் எல்லாவற்றுக்கும் வியாபாரம். அருவி வறண்டாலும் அடி, வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டாலும் அடி. ஒரு கடைக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். சீசன் சொதப்பி, ஆகஸ்ட் முடிவில் அவர் தலையில் 1 லட்சம் கடன் நிற்கிறது. பத்து வட்டி, அதாவது நூற்றுக்கு மாசம் 10 ரூபாய். கட்டாத வட்டி அசலோடு சேரும். நல்ல சீசனில் அவரால் மிச்சம் பிடிக்க முடிவது 2 லட்சம். “அடுத்த சாரல் வரட்டும், அடைச்சிடலாம்” என்கிறார். அடைக்க முடியுமா?

மாதாமாதம் கடன் 1.1 மடங்கு ஆகிறது. 1.1-ஐ எத்தனை முறை அடுக்கினால் 2 வரும்? தெரியாத எண் அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. கூட்டலை அவிழ்க்கக் கழித்தல் இருக்கிறது, பெருக்கலை அவிழ்க்க வகுத்தல் இருக்கிறது. அடுக்கில் உட்கார்ந்ததைக் கீழே இறக்க மடக்கைதான். இரண்டு பக்கமும் லாக் எடுத்தால், மாதங்களின் எண்ணிக்கை × லாக் 1.1 = லாக் 2. 0.3010-ஐ 0.0414-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.27. அதாவது எட்டாவது மாசம், ஏப்ரல். சாரல் வருவதற்கு முன்னாடியே கடன் அவர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஜூன் பிறக்கும்போது அது 2.36 லட்சம். அவர் காத்திருந்த மழை நன்றாகவே பெய்தாலும் பிரயோஜனம் இல்லை.

இதை நம் வகுப்பறை சொல்லித்தருகிறதா? அங்கே சூத்திரங்கள் உண்டு, ‘மதிப்பைக் காண்க’ உண்டு, மார்க் உண்டு. எதன் மதிப்பு என்று யாரும் கேட்பதில்லை. 1614-இல் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டபோது, பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக்கி வானியலாளர்களின் உழைப்பைக் குறைத்தது அது. அந்த வேலையை இன்று போன் செய்துவிடும். ஆகவே லாக்கைத் தூக்கிப் போடலாம் என்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். பெருக்கலைப் போன் செய்யும். ‘எவ்வளவு?’ என்பதோடு நிறுத்தாமல் ‘எப்போ?’ என்று கேட்பதை நாம்தான் செய்ய வேண்டும்.

“லாக் தெரிஞ்சா மட்டும் கடன் வாங்காம இருந்திடுவாரா?” நியாயமான கேள்வி. மாட்டார். வாங்குபவரைத் தள்ளுவது அறியாமை அல்ல, தேவை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. அப்படியிருந்தும் 2017 அக்டோபர் 23 அன்று, தென்காசிப் பக்கத்துக் கிராமத்துக் குடும்பம் ஒன்று கந்துவட்டிக் கொடுமைக்கு நியாயம் கேட்டு, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் தீயில் கருகியது. இரண்டு சின்னக் குழந்தைகளும் அதில். அவர்களைக் கணக்கு காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது காவல்துறையும் அரசும் பதில் சொல்ல வேண்டிய இடம்.

என் கோபம் நம்மீதுதான். கந்துவட்டியை வைத்து நாம் கதை எழுதுகிறோம், கண்ணீர் விடுகிறோம். ஆனால் எந்த மாசத்தில் கடன் ஒரு மனிதரின் உழைப்பைத் தாண்டுகிறது என்று கேட்பதில்லை. வட்டிக்கு விடுபவருக்கு அது தெரியும். லாக் என்ற பெயர் தெரியாமலே தெரியும். வாங்குபவரிடம் ‘பத்து வட்டி’ என்று மட்டும்தான் சொல்வார், ‘எட்டாவது மாசம் டபுள்’ என்று சொல்ல மாட்டார்.

மீம் போடுகிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் கிரெடிட் கார்டில் மாசம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி எப்போது இரட்டிப்பாகும்? லாக் 2-ஐ லாக் 1.035-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 21-ஆவது மாசத்தில் விழும். அதற்குப் பிறகும் “கணக்கு வராது” என்று பெருமையாகச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.