தைரியம் யாருக்கு வேண்டும்?

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். அவள் பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் இடது கையும் காலும் கொஞ்சம் பலவீனம். நடந்தால் குதிகால் தரையில் படாது. வகுப்பில் நாலு பேர் அவன் நடையை நடித்துக் காட்டி, அதைப் படம் பிடித்து, வாட்ஸப்பில் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். பள்ளியில் போய்ச் சொன்னதற்குக் கிடைத்த பதில்: "பசங்கன்னா அப்படித்தான் மேடம். இவனைக் கொஞ்சம் தைரியமா இருக்கச் சொல்லுங்க."

"மாமா, நீங்க ஒரு தடவை அவன்கிட்ட பேசுங்க. உங்க கதையைக் கேட்டா அவனுக்குத் தைரியம் வரும்" என்றாள்.

என் கதை இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். 1954ல் பிறந்தேன். ஒன்றரை வயதில் காய்ச்சல். இறங்கியபோது வலது கால் சூம்பிவிட்டது. போலியோ. தொடையில் கை ஊன்றி நடந்தே பள்ளி, கல்லூரி, பிறகு 34 வருஷம் வங்கி வேலை. ஓய்வு பெற்றபின் யாராவது கூப்பிட்டு மேடையேற்றி, 'தன்னம்பிக்கையின் சிகரம்' என்று பொன்னாடை போர்த்துவார்கள். நானும் பேசுவேன். கை தட்டுவார்கள்.

அந்தப் பேச்சில் பாதியைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். மீதியை இன்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் என் பெயர் 'முக்கால்'. யார் வைத்ததோ தெரியாது. ஒருநாள் கணக்கு வாத்தியார் பின்னம் நடத்தும்போது, "அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவுடா?" என்று கேட்டார். வகுப்பே என் பக்கம் திரும்பி "முக்கால்!" என்று கத்தியது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். பையன்கள் சிரித்ததெல்லாம் எப்போதோ மறந்துவிட்டது. அவர் சிரிப்பு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. அதுவரை பட்டப்பெயராக இருந்ததற்கு அன்று சர்க்கார் முத்திரை விழுந்தது போல ஆயிற்று.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் நான் வேறு ஆள். தண்ணீரில் காலுக்குப் பாரம் தாங்கும் வேலை கிடையாது. கைகளோ காலின் வேலையையும் சேர்த்துச் செய்து உரமேறியவை. எதிர்க்கரையை முதலில் தொடுவது நான்தான். மேடையில் இதைத்தான் சொல்வேன்.

சொல்லாதது இது. எங்கள் வகுப்பில் திக்குவாய்ப் பையன் ஒருவன் இருந்தான். அவன் "உள்ளேன் ஐயா" சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு சிரித்து ஓய்ந்துவிடும். அவனைப் போலவே பேசிக் காட்டுவதில் கெட்டிக்காரன் யார் தெரியுமா? நான்தான். அவனை வைத்துச் சிரிக்கும் பத்து நிமிஷம் என் காலை யாரும் பார்க்க மாட்டார்கள். கணக்கில் என்னைவிடச் சூரன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். பிறகு ஒரு மளிகைக் கடையில் அவன் பொட்டலம் மடிப்பதைப் பார்த்தேன். கடைக்குள் போகாமல் திரும்பிவிட்டேன். என் தன்னம்பிக்கையில் ஒரு பங்கு ஆறு கொடுத்தது. இன்னொரு பங்கு அவனிடமிருந்து திருடியது.

கேலியை நிறுத்தியவர் ஒன்பதாம் வகுப்புத் தமிழ் ஐயா. வந்த முதல் வாரமே 'முக்கால்' அவர் காதில் விழுந்தது. பிரம்பை எடுக்கவில்லை. என்மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. "ரிஜிஸ்டர்ல இருக்கிற பேரைத் தவிர இந்த வகுப்புல வேற பேர் கிடையாது" என்றார். மீறியவன் எழுந்து நின்று, முழுப் பெயரைச் சொல்லி மறுபடி கூப்பிட வேண்டும். யாரானாலும், தினமும், விடாமல். தீபாவளிக்குள் முக்கால் காணாமல் போனான். என் தைரியம் கூடியதால் அல்ல. ஒரு பெரியவர் சிரிக்க மறுத்ததால். அவர் ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பையனும் படித்திருப்பான்.

"கிண்டல் இல்லாம ஒரு பள்ளிக்கூடமா? நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்று என் வயது நண்பர்கள் சொல்வார்கள். வளர்ந்தவர்கள்தான் ஐயா அப்படிச் சொல்ல முடியும். பாதியில் நின்றவனுக்கு யார் மைக் கொடுத்தார்கள்? நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். இங்கே சாக்குச் சொல்வது பள்ளிக்கூடம்.

போலியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் ஒரு குழந்தைக்கும் வரவில்லை. 2014ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்தது. குழந்தைகளிடம் "தைரியமா இரு" என்று சொல்லியா அதை ஒழித்தோம்? பெரியவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். கேலிக்கு மட்டும் ஏன் பிள்ளை தனியாகப் போராட வேண்டும்?

சட்டமும் இருக்கிறது. 2009ன் கல்வி உரிமைச் சட்டம், 17வது பிரிவில், பிள்ளைகளை மனரீதியாகத் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92வது பிரிவு, மாற்றுத்திறனாளியைப் பலர் பார்க்க வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை என்கிறது. பதினோரு வயதுப் பையன்களை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. நாடு குற்றம் என்று எழுதி வைத்ததைப் 'பசங்கன்னா அப்படித்தான்' என்று தள்ளிவிடப் பள்ளிக்கு உரிமை இல்லை என்கிறேன்.

பேரனிடம் பேசினேன். ஆற்றுக் கதையைச் சொல்லவில்லை. திக்குவாய்ப் பையன் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீங்க அவர்கிட்ட ஸாரி சொன்னீங்களா தாத்தா?" என்றான். இல்லை என்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வரும் திங்கட்கிழமை அக்கா மகளோடு நானும் அந்தப் பள்ளிக்குப் போகிறேன். தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வீடியோவைப் பார்த்தபோது உங்கள் ஆசிரியர்களில் யார் யார் சிரித்தீர்கள்?