புளிவனத்து ஊருக்கு ஒரு காட்டுப்பாதை

திந்திரிணி என்பது வடமொழியில் புளியமரத்தின் பெயர். புளிய மரங்கள் அடர்ந்த வனமாயிருந்தமையால் திந்திரிணீவனம் என வழங்கிய ஊரே நாளடைவில் திண்டிவனம் என மருவிற்று என்பர். அங்கே கோயில் கொண்டுள்ள ஈசனுக்கும் திந்திரிணீஸ்வரர் என்பதே திருநாமம். பெயரிலேயே வனத்தைச் சுமந்து நிற்கும் இவ்வூரார், கோடை விடுமுறை பிறந்ததும், பிள்ளைகளுக்குக் காடு காட்ட வேண்டுமென்று உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இரவெல்லாம் பிரயாணம் செய்து, அங்கே வாகன நெரிசலில் பாதிப் பொழுதைப் போக்கித் திரும்புவதை ஆண்டுதோறும் பார்க்கையில், செஞ்சியை நெருங்கும்போது சாலையோரம் எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகளும் அவற்றைச் சூழ்ந்த காப்புக்காடுகளும் இவர்கள் கண்ணில் படவே இல்லையோ என்ற ஏக்கம் எனக்கு உண்டாகிறது.

நம் காட்டுக்கு நீலகிரியின் கம்பீரம் இல்லை. ஆயினும், ஐப்பசி கார்த்திகையில் பொழியும் மழையையே பெரிதும் நம்பி, ஏனைய மாதங்களின் வெயிலையும் உப்புக்காற்றையும் பொறுத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் பசுமை குன்றாதிருக்கும் உலர் பசுமைமாறாக் காடு என்னும் அபூர்வ வகை இந்தச் சோழமண்டலக் கரையின் செல்வமன்றோ? மரக்காணத்துக்குத் தெற்கே, கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டில் அதனைப் பிரத்தியட்சமாகக் காணலாம். வீரை, காசான், உலக்கைப்பாலை என்று மரங்கள் நெருங்கி நிற்கும். அவை வானளாவி வளர்வதில்லை. ஆனால் நீரை எளிதில் ஆவியாக விடாத அவற்றின் தடித்த சிறு இலைகள் உச்சி வெயிலையும் தரையில் சல்லடைப் புள்ளிகளாகவே விழவிடும். அங்கே ஜனங்கள் வருகிறார்கள், பொங்கலிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு முடியிறக்குகிறார்கள். ஐயனார் காட்டில் கொம்பொடிக்கலாகாது என்ற அச்சமும் பக்தியும் சேர்ந்து அந்தக் காட்டைக் காத்தன. மனிதன் நுழைந்தாலே வனம் அழிந்துவிடும் என்ற அபிப்பிராயத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

காப்புக்காடுகளின் சரித்திரமோ வேறு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டுக்கு எல்லை வகுத்தது. அந்த எல்லை இல்லாதிருந்தால் குன்றுகளில் இன்று மிச்சமிருக்கும் மரங்களும் இரா என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பிறகு, விறகுக்கட்டோடு ஒளிந்து வரும் உறவொன்றே கிராமத்தாருக்கும் காட்டுக்கும் எஞ்சிற்று. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நேர்ந்த தீவிபத்து, மலையேற்றத்துக்குக் கடும் விதிகளைக் கொணர்ந்தது. உயிரிழப்பின் துயரிலிருந்து பிறந்த அந்த எச்சரிக்கையை யாரும் குறை கூற முடியாது. பின்னர் 2024 அக்டோபரில் மாநில அரசு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு நடந்து செல்லும் 40 மலைத்தடங்களைத் திறந்தபோது நான் மகிழ்ந்தேன். அந்தத் தொடக்கப் பட்டியலில் நம் விழுப்புரம் மாவட்டம் இல்லை என்று கண்டபோது வருந்தினேன்.

இம்மாவட்டத்துக் கழுவேலி ஏரிக்கோ நற்காலம் பிறந்துவிட்டது. 2021இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. செஞ்சிக் கோட்டையும் 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இனி அக்கோட்டையின் ராஜகிரிக் குன்றேற வருவோர் பெருகுவர். அவர்கள் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வண்டியேறிச் செல்வதா, அடுத்துள்ள பக்கமலைக் காட்டில் ஒரு காலை நேரமாவது மௌனமாக நடந்து பார்ப்பதா என்பதை இப்பொழுதே தீர்மானிக்க வேண்டும்.

காட்டைத் திறந்தால் குப்பையும் தீயும் உடன் நுழையும் என்பார்கள். நியாயமான பயமே. எனினும், மதுப்புட்டியோடு வருகிறவன் அனுமதி கேட்டா வருகிறான்? சட்டத்துக்கு அஞ்சி வெளியே நிற்பவர்கள், மாணவரை அழைத்துவர விரும்பும் ஆசிரியரும், குழந்தைக்கு ஒரு மைனாவையோ மரங்கொத்தியையோ காட்ட விரும்பும் தாயுமே. நல்லோர் நடமாட்டமுள்ள பாதையில் தீயோர் ஒதுங்குவர் என்பது ஊர்ச்சாவடிக்கும் பொருந்தும், காட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே வனத்துறையை நான் வேண்டுவது பெரிய ஏற்பாடன்று. விடுதியும் ஊஞ்சலும் சிமெண்டுச் சிலைகளும் வேண்டாம். ஒரே ஒரு நடைபாதை. நாளைக்கு இத்தனை பேர் என்ற வரையறை. சருகு காய்ந்து கிடக்கும் மாசி முதல் முழு அடைப்பு. வழிகாட்டிகளாக அடிவாரக் கிராமத்து இளைஞர்கள். கட்டணத்தில் அக்கிராமங்களுக்கு ஒரு பங்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முற்றிலும் இலவசம். மரங்களின் பெயர் சொல்ல நிபுணரைத் தேடி அலையவும் வேண்டாம். சென்ற மார்கழியில் ஒரு குன்றடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நான் கேளாமலே ஓர் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டி, "இது நொச்சி சாமி, தலைபாரத்துக்கு ஆவி புடிக்கலாம்" என்று தொடங்கி, அரைமணி நேரத்தில் பதினேழு செடிகளைச் சொல்லிவிட்டார். தம் பேரனுக்கு இவற்றில் மூன்றுகூடத் தெரியாதென்று அவருக்குக் குறை. மழை ஓய்ந்து பாறைச் சுனைகளில் நீர் நிற்கும் தை மாதத்தில் அந்தப் பாதை திறக்குமானால், முதல் நாள் வரிசையில் அந்தப் பேரனும் அவன் வகுப்புத் தோழர்களும் நிற்க வேண்டும். முன்னால் நடந்து பெயர் சொல்லும் பொறுப்பு அந்த மூதாட்டியுடையதாக வேண்டும்.