வண்டியா, சாரதியா?

மாட்டுவண்டிச் சவாரியில் முந்தியது காளையின் வலிமையா, சாரதியின் திறமையா என்னும் வழக்கு நம் பண்டத்தரிப்பு வாசகர்க்குப் புதிதன்று. மோட்டார்ப் பந்தயத்திலும் இதே வழக்குத்தான். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த பார்முலா 1 பந்தயத்தில் நான்காமிடம் எய்தி, 5 புள்ளிகள் ஈட்டினார். பெரும் பேறுதான்! ஆயின் டயர்களை நம்பவியலாது என்று 14 கார்கள் விலகிவிட, ஓடியவை ஆறே. அவற்றுள்ளும் இரு பெராரிகள் முந்தின. மூன்றாமவர், அதே ஜோர்டான் காரை ஓட்டிய அவர்தம் அணித்தோழர். இப்புள்ளிகளைக் கொண்டு ஒருவரை எடைபோடலாமோ?

2007 டிசம்பரில், சீனத்து ஜூஹாயில், நாட்டுக்கு நாடு போட்டியிட்ட ஏ1 கிராண்ட் பிரீ தொடரில் யாவர்க்கும் ஒரே வகைக் கார். அங்கே முதன்மைப் பந்தயத்தை வென்றவர் இவரே. நாம் இவ்வெற்றியையே பெரிதென மதிக்கிறோம். பார்முலா 1இல் எதிர்நிற்போர் இன்னும் வல்லவரல்லரோ என்று மாணவர் வினவுவர். அக்கேள்வியிலும் நியாயம் உண்டு.